பெட்டிக்குள் படுத்த சிசிலி

அத்தியாயம் பதினொன்று

ஒன்பது நாளாக அந்தச் சவப்பெட்டி காலியாகக் கிடந்தது.

மேல்கணக்கு லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவுக்கு முன்னால், இரண்டு வாங்குப் பலகைகளின் மேல் வைத்து, நீலப் பிளாஸ்டிக் படங்கால் மூடியிருந்தார்கள். ஹட்டனிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த பெட்டி. தண்ணீருக்குப் போகிற பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கோழிகள் மட்டும் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

பெட்டிக்குள் படுக்க வேண்டியவர் கொழும்பிலிருந்து வந்த நடிகை. தேயிலைத் தோட்டத்துக் குடும்பக் கதை ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கிறார்கள். அதில் அவர்தான் தாய், அம்மாக்கண்ணு. கதைப்படி அம்மாக்கண்ணு செத்தாகிவிட்டது. ஆனால் நடிகை படுக்க மறுத்துவிட்டார். அவர் மட்டுமா? டைரக்டர், கமராக்காரர், விளக்குப் பிடிப்பவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ஹட்டனில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

காரணம் திலக்ஷன். பதினேழு மணி நேரம் ஓயாமல் வேலை வாங்கிய ஒரு நாளில், விளக்கைத் தோளில் சுமந்துகொண்டு ஏறியவன் ஈரப் பாறையில் சறுக்கி விழுந்தான். இடுப்பு எலும்பு உடைந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் எங்கள் ஆளே இல்லை, அன்றாடம் வந்து போகிறவன் என்று தயாரிப்பாளர் கை விரித்ததும் சின்னத்திரைக் கலைஞர்களின் சங்கம் எழுந்துவிட்டது. பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை. அடிபட்டால் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கூட்டத்தில் நின்று நடிக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் அதே விதி. இதை எழுத்தில் தாருங்கள் என்றது சங்கம்.

செத்த வீட்டுக் காட்சி வெள்ளிக்கிழமை ஒளிபரப்பாக வேண்டும். தவறினால் தொடரையே நிறுத்திவிடுவோம் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். இன்று புதன். சங்கத்தின் கையில் இருந்த ஒரே பிடி அந்தக் காலிப் பெட்டிதான்.

சிசிலிக்கு இதெல்லாம் தெரியும். மகள் ஷாமிலா அந்தத் தொடரில் ஒப்பனைக்காரி. சங்கத்தின் செயற்குழுவில் அவளும் இருக்கிறாள். மகன் றொக்சன் தயாரிப்பாளருக்கு இடம் பிடித்துக் கொடுத்தவன்; லயத்தைக் காட்டியது, தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கியது, கூட்டத்துக்கு ஆள் சேர்த்தது எல்லாம் அவன்தான். ஒரே காம்பராவில் இரண்டு கட்சி.

தெரிந்ததெல்லாம் சிசிலியைத் தொடவில்லை. கணவன் பத்திநாதன் போய் ஐந்து மாதமாகிறது. அடக்கத்தன்று யாரோ அவள் முதுகைத் தடவி, “அழுதுரு சிசிலி, உள்ள வச்சிக்கிறாத” என்றார்கள். உள்ளே எதுவும் இருந்தால்தானே? அன்று வராத அழுகை பிறகும் வரவில்லை. சோற்றில் உப்பில்லை என்று பிள்ளைகள் சொன்னால் உப்பு எடுத்து வைப்பாள். சொல்லாவிட்டால் அப்படியே சாப்பிட்டுவிட்டு எழும்புவாள்.

அன்று காலை ஷாமிலா கறுப்புச் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள்.

“பத்து மணிக்கு ஹட்டன்ல பேச்சுக்கு உக்காருறோம்மா. மொதல் தடவையா படமெடுக்குற மொதலாளியே நேர்ல வாராரு.”

“ம்.”

“அழகுமுத்து அண்ணே என்னையும் பேசச் சொல்லியிருக்காரு. தோட்டத்து ஆளுங்களப் பத்தி நான்தான் சொல்லணுமாம்.”

“ம்.”

அழகுமுத்து சங்கத் தலைவர். முப்பது வருடம் விளக்குப் பிடித்தவர்.

றொக்சன் தேத்தண்ணிக் கோப்பையோடு கதவில் சாய்ந்து நின்றான். “வழிய விடுங்க, வழிய விடுங்க. தலைவி போறாங்க.”

“நீ போய் ஒன் மொதலாளிக்குக் கார் கதவத் தொறந்து விடு. இல்லாட்டி கோவிச்சுக்கிருவாரு.”

“கார் கதவு அதுவாத் தொறக்கும். ஒனக்கு எங்க அதெல்லாம் தெரியப் போவுது.”

“திலக்ஷனப் போய்ப் பாத்தியா?”

றொக்சன் கோப்பையைக் கழுவப் போய்விட்டான்.

ஷாமிலா கிளம்பும்போது தாயின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தையாவது வரும் என்று நின்றாள். ஒரு காலத்தில் இந்தத் தோட்டத்து மாதர் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தவள் சிசிலி. இருபது வருடம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அவள் கூடையைக் கீழே வைத்தால் நூற்றிருபது கூடைகள் கீழே இறங்கும்.

“கொடைய எடுத்துக்க,” என்றாள் சிசிலி.

அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு றொக்சன் ஓடி வந்தான். சிசிலி சுளகில் அரிசி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல் பொறுக்கி முடிந்து அரை மணி நேரமாகியும் சுளகைக் கீழே வைக்கவில்லை.

“அம்மா, பேச்சு தொடங்கிருச்சும்மா.”

அவள் தலை நிமிர்ந்தாள்.

“பெட்டியில படுக்க ஒரு ஆள் வேணுமாம். ஒங்களுக்கு அந்த நடிகையம்மா மாதிரியே நெத்தியும் மூக்கும். மனேஜர் பிரதாப் சேர் கேட்டு வரச் சொன்னாரு.”

சிசிலி சுளகைக் கீழே வைத்தாள்.

தோட்டத்தில் ஸ்ட்ரைக் என்பதற்கு ஒரு முறை உண்டு. கம்பனி பேச வராத வரைக்கும் வேலை கிடையாது. மலையில் கொழுந்து முற்றிக் காடாகட்டும், கை வைக்கக் கூடாது. ஆனால் கம்பனிக்காரர்கள் மேசைக்கு வந்து சங்கத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் அடுத்த பெரட்டுக்குப் போய்விட வேண்டும். அவர்கள் பேசட்டும், நாங்கள் கொழுந்தெடுப்போம். சிசிலியின் காலத்தில் நடந்த ஏழு ஸ்ட்ரைக்கும் அப்படித்தான் முடிந்தன. “பேச்சு தொடங்கிருச்சு” என்று ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்குக் கத்துவார்கள். மறு பேச்சில்லாமல் பெண்கள் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மேசையில் ஆள் உட்கார்ந்த பிறகும் வேலைக்குப் போகாவிட்டால் சங்கத்துக்குத்தான் கெட்ட பெயர்.

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

“சீல மாத்தணுமா?”

“அங்க இருக்கும்மா. பட்டுச் சீல.”

கடைசிக் காம்பராவில் வைத்து அடுத்த வீட்டுக் கிருஷாந்தி அவளுக்குப் பவுடர் பூசினாள். ஷாமிலாவின் ஒப்பனைப் பெட்டி பூட்டிக் கிடந்ததால் கிருஷாந்தியின் சொந்தப் பவுடர். கன்னத்தில் திட்டுத் திட்டாக நின்றது. நெற்றியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு குங்குமம்.

“வேதக்கார அக்காவுக்குப் பொட்டு வச்சிட்டேன். மாதா கோயில் சாமியார் பாத்தா என்னையத்தான் ஏசுவாரு,” என்று சிரித்தாள் கிருஷாந்தி.

சிசிலி கண்ணாடியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே பெண்கள் கூடிவிட்டார்கள். ஒன்பது நாளாகக் கூப்பிட்டும் வராதவர்கள். “சிசிலியக்காவே போறாங்க, பேச்சு தொடங்கிருச்சாம்” என்ற செய்தி லயத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போன வேகத்தில் முப்பது பேர் வந்து நின்றார்கள். தப்போடு அழகன் வந்தான். ஒப்பாரிக்குக் காளியாயி வந்தாள்.

கமராவோடு நின்ற இரண்டு பேரும் புதுமுகம். நுவரெலியாவில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர்கள். டைரக்டர் வரவில்லை. பிரதாப் தானே எல்லாரையும் நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தான். தயாரிப்பாளரின் மனேஜர் அவன். பழைய சிசிலியாக இருந்தால் அந்த இரண்டு முகங்களைப் பார்த்ததும், நீங்கள் யார், எங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்டிருப்பாள். இப்போது பார்த்தாள், கடந்து போனாள்.

றொக்சன் கை கொடுத்தான். அவள் வாங்கில் ஏறிப் பெட்டிக்குள் காலை வைத்தாள்.

படுத்ததும் முதலில் தெரிந்தது ஜரிகை. பெட்டியின் விளிம்பைச் சுற்றி வெள்ளை நைலோன் ஜரிகை வைத்துத் தைத்திருந்தார்கள். அது கழுத்தில் குத்தியது. பத்திநாதனுக்கும் குத்தியிருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்புக்குப் பின்னால் ஏதாவது வருமா என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பெட்டி அளவாக இருந்தது.

“ரெடியா? எல்லாரும் அழணும். தப்பு அடிங்க!” என்றான் பிரதாப்.

தப்பு முழங்கியது. காளியாயி பெட்டியின் தலைமாட்டில் வந்து விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

“ஏ ஆத்தா... எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே... மல மேல நீ நட்ட மரமெல்லாம் ஒன்னையத் தேடுமே...” என்று இழுத்தவள், குனிந்து காதருகில், “அக்கா, வயிறு ஏறி எறங்குது. மூச்சப் புடிங்க” என்றாள்.

“மூச்சப் புடிச்சா செத்துருவேன்டி.”

“அதுக்குத்தான பொட்டியில படுத்திருக்கீங்க? ஏ ஆத்தா...”

யாரோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தோள்கள் குலுங்கியது கமராவுக்கு அழுகைபோல் இருந்ததாம். பிரதாப் பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஒரு மணிக்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டது. பிணத்தைச் சுற்றி அழுவது, வாய்க்கரிசி போடுவது, மாலை போடுவது. வாய்க்கரிசியில் இரண்டு மணி அரிசி அவள் மூக்குக்குள் போனது. அசையாமல் கிடந்தாள். இவ்வளவு நன்றாகப் பிணமாக நடித்தவர்களைப் பார்த்ததில்லை என்றான் கலியாண வீடியோக்காரன். சாப்பாட்டுக்கு எழும்பவா என்று அவள் கேட்கவில்லை. அவர்களும் எழுப்பவில்லை.

“பெட்டி வீட்ட விட்டு எறங்கணும். அது ஒண்ணுதான் பாக்கி. மழைக்கு முன்னால எடுத்துருவோம்,” என்று பிரதாப் கத்தியது கேட்டது.

அப்போதுதான் ஆட்டோ ஒன்று ஏற்றத்தில் முனகிக்கொண்டு வந்து நின்றது.

ஷாமிலாவின் சப்பாத்துச் சத்தம் சிசிலிக்குத் தெரியும். அது ஓடி வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது.

“அம்மா.”

சிசிலி கண்ணைத் திறந்தாள். மகளின் முகம் மேலிருந்து பார்த்தது. அழுத முகம் இல்லை. கழுவித் துடைத்த மாதிரி வெளிறிக் கிடந்தது.

“என்னம்மா இது?”

“ஏன் புள்ள? பேச்சு தொடங்கிருச்சுல்ல?”

“தொடங்கிருச்சு. முடியலயே! கையெழுத்து விழுற வரைக்கும் ஒருத்தரும் வேலைக்குப் போவக் கூடாது. அதுதான் எங்க சங்கத்து முடிவு. மொத நாள்லயே எடுத்த முடிவு.”

“உக்காந்துட்டா வேலைக்குப் போறதுதான மொற?”

“அது தோட்டத்து மொறம்மா. எங்களுக்கு அப்படி இல்ல. காட்சிய எடுத்துட்டாங்கன்னா அவங்க எதுக்கு எங்களோட பேசணும்?”

சிசிலி படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பத்து மணி நேரத்துக்கு ஒத்துக்கிட்டாரும்மா. அடிபட்டா பொறுப்புன்னும் ஒத்துக்கிட்டாரு. எழுதத் தொடங்குனோம். அப்ப அவர் போனுக்கு ஒரு படம் வந்துச்சு. பாத்தாரு. சிரிச்சாரு. பேனைய மூடிப் பைக்குள்ள போட்டுட்டு, போனத் தூக்கி மேசையில வச்சு எங்க பக்கம் திருப்புனாரு.” ஷாமிலா கையால் அப்படியே திருப்பிக் காட்டினாள். “இது யாருன்னு கேட்டாரு. எல்லாரும் என்னையப் பாத்தாங்க.”

தப்பு நின்றிருந்தது.

“யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டாள் சிசிலி.

“அழகுமுத்து அண்ணே ஒண்ணும் சொல்லல. பின்னால இருந்து ஒருத்தர் சொன்னாரு.”

“என்னன்னு?”

ஷாமிலா சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. சிசிலிக்கு அந்தச் சொல் தெரியும். முன்பு ஒரு ஸ்ட்ரைக்கில், சங்கம் சொன்னதை மீறி மலைக்குப் போன ஒரு குடும்பத்தைப் பெரட்டுக்களத்தில் வைத்து அவளே சொல்லியிருக்கிறாள். கருங்காலி. ஒரு மாதம் அந்த வீட்டுக்கு யாரும் நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை.

அவள் தலையைத் திருப்பி மகனைத் தேடினாள். றொக்சன் தரையில் கிடந்த வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினான்.

“எழும்புங்கம்மா. போவோம்,” என்றாள் ஷாமிலா.

சிசிலி எழும்பவில்லை.

“நான் எழும்புனா இன்னொருத்தி படுப்பா. தூக்கிட்டுப் போறப்ப மூஞ்சி யாருக்குத் தெரியப் போவுது?”

“அதுக்கு?”

“நான் இங்கனயே இருக்கேன்.”

அவள் நேராகப் படுத்துக் கைகளை மார்பின் மேல் வைத்துக்கொண்டாள். பிணத்துக்கு வைப்பதுபோலவே. கண்களை மட்டும் மூடவில்லை. மேலே முகில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள்.

பிரதாப் வந்தான். முதலில் மரியாதையாகத்தான் வந்தான்.

“அம்மா, ரெண்டு நிமிஷம் கண்ண மூடுங்க. இந்த ஒரு ஷொட் எடுத்துட்டா நீங்க வீட்ட போகலாம்.”

சிசிலி முகிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கேக்குதா?”

“செத்தவகிட்ட என்னத்தக் கேக்குறீங்க சேர்?” என்றாள் காளியாயி. இந்த முறை யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. வெளிப்படையாகவே சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே காளியாயி பெட்டிக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். கிருஷாந்தி உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்கள். அழகன் தப்பைக் கவிழ்த்து வைத்து அதற்குப் பக்கத்தில் குந்தினான்.

பிரதாப் முகம் மாறியது. “கண் திறந்தா என்ன? மூடியப் போட்டா சரிதான். பெட்டி போறது தெரிஞ்சாப் போதும். றொக்சன்! மூடிய எடு.”

மூடி சுவரோரம் சாத்தி வைத்திருந்தது. தேக்குப் பலகை, பித்தளைச் சிலுவை போடும் இடத்தில் அட்டை ஒட்டி மறைத்திருந்தார்கள். றொக்சன் போய் அதன் பக்கத்தில் நின்றான்.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? நாலு பேரக் கூப்பிட்டுத் தூக்கு. நான் சொன்ன கொழும்பு வேலை வேணுமா வேணாமா உனக்கு?”

“சேர், உள்ள எங்கம்மா இருக்காங்க.”

“மூச்சு முட்டாது. மூணு நிமிஷம்.”

றொக்சன் மூடியைத் தனியாகவே தூக்கிக்கொண்டு வந்தான். கனம் அவனை ஒரு பக்கமாகச் சாய்த்தது. ஷாமிலா குறுக்கே வந்து நின்றாள்.

“போட்டுப் பாரு,” என்றாள்.

“தள்ளு ஷாமிலா.”

“வுடு புள்ள,” என்றாள் சிசிலி உள்ளேயிருந்து. “அவன் வரட்டும்.”

ஷாமிலா ஓரடி விலகினாள். சிசிலி தன் மகனைக் கீழிருந்து பார்த்தாள். இருபத்தெட்டு வயது. தாடையில் பத்திநாதனுக்கு இருந்த அதே பள்ளம்.

“பேச்சு தொடங்கிருச்சுன்னு சொன்னா நான் வந்துருவேன்னு ஒனக்குத் தெரியுமா?”

அவன் மூடியைப் பெட்டியின் கால்மாட்டில் சாய்த்தான்.

“பொய் சொல்லலம்மா நான்.”

“பொய் சொன்னன்னு நான் சொல்லலயே. தெரியுமான்னு கேட்டேன்.”

ஒரு காகம் லயத்துத் தகரத்தில் நடந்தது. அதன் நகச் சத்தம் முழுவதும் கேட்டது.

“தெரியும்,” என்றான் றொக்சன். “சின்னதுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான வளந்தேன். வெள்ளிக்கெழம படம் போவலன்னா தொடரே நின்னுரும்மா. ஷாமிலாவுக்கும் வேல போயிரும், எனக்கும் போயிரும், இந்த அக்காமாருக்கும் ஒண்ணுமில்ல. அப்பறம் எழுதி வாங்கி என்ன செய்யிறது? அதான்... அதான் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன்.”

“திலக்ஷன் விழுந்த அன்னைக்கி நீ அங்க இருந்த,” என்றாள் ஷாமிலா.

“இருந்தேன்.”

“அவனத் தூக்குனதே நீதான்.”

“நான்தான். இப்ப என்னாங்குற?”

சிசிலி தனக்குள் கோபத்தைத் தேடினாள். பெற்ற மகன் தன்னை வைத்துத் தன் மகளைத் தோற்கடித்திருக்கிறான். வந்திருக்க வேண்டும். வெட்கமாவது வந்திருக்க வேண்டும். முதுகு வலித்தது. மூக்குக்குள் போன அரிசி இன்னும் உறுத்தியது. அவ்வளவுதான் கிடைத்தது.

“சரி,” என்றாள்.

அந்த ஒரு சொல் றொக்சனுக்குத் தாங்கவில்லை. அடித்திருந்தால் நின்றிருப்பான். அவன் மூடியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். பெண்களுக்குச் சற்றுத் தள்ளி, தனியாக.

“டேய், எழும்பு!” என்றான் பிரதாப்.

“என்னால ஏலாது சேர். நீங்களே போடுங்க.”

பிரதாப் மூடியைப் பார்த்தான். சுற்றி உட்கார்ந்திருந்த முப்பது பெண்களைப் பார்த்தான். கலியாண வீடியோக்காரர்கள் ஏற்கெனவே கமராவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்கள். உயிரோடு ஒரு பொம்பளையைப் பெட்டியில் அடைக்கும் வேலைக்கு நாங்கள் வரவில்லை என்றார்கள். பிரதாப் தொலைபேசியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குப் போனான். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது.

பத்து நிமிடத்தில் ஷாமிலாவின் தொலைபேசி அடித்தது. அவளும் பீலிக்கு ஓடினாள். திரும்பி வரும்போது மெதுவாக வந்தாள்.

“அழகுமுத்து அண்ணே. மொதலாளி கையெழுத்துப் போடுறேங்கிறாராம். மூணுக்கும்.”

பெண்கள் அசைந்தார்கள். “அப்பாடா!” என்றாள் கிருஷாந்தி.

“ஆனா மொதல்ல அம்மா பெட்டிய விட்டு எறங்கணுமாம். எறங்கிட்டாங்கன்னு மனேஜர் போன் பண்ணுனாத்தான் பேனைய எடுப்பாராம். அண்ணே என்ன செய்யிறதுன்னு கேக்குறாரு. எனக்கு... எனக்கு எப்புடிச் சொல்றதுன்னு தெரியலம்மா.”

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். ஒரு கூடை இறங்கினால் நூற்றிருபது கூடைகள் இறங்கிய அந்தப் பழைய நாட்களைப் போலப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்க வேண்டாம் என்று சிசிலிக்குச் சொல்லத் தோன்றியது. தைரியத்தால் அவள் படுத்திருக்கவில்லை. எழும்பிப் போய்ச் செய்ய ஒன்றும் இல்லை, அதுதான் உண்மை. வீட்டில் கல் பொறுக்கிய அரிசி இருக்கிறது. அது அங்கேயே இருக்கும்.

“ஏழு தடவ,” என்றாள்.

“என்னம்மா?”

“ஏழு தடவ அவங்க உக்காந்ததும் நாங்க எழும்பிப் போனோம். ரெண்டு தடவதான் கேட்டது கெடச்சிச்சி.” அவள் நாக்கால் உதட்டைத் தொட்டாள். பவுடர் கசந்தது. “எழுதி எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. இங்க கொண்டாரட்டும். நீ வாசி. நான் கேட்டுட்டு எழும்புறேன்.”

“வரலன்னா?”

“எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல.”

காளியாயி எழுந்து மடியிலிருந்த வெற்றிலையை உதறினாள். “சொல்லிரு புள்ள. ஒங்கம்மா பொட்டியோட ரெடியா இருக்காங்க, வேற எங்கயும் போவ மாட்டாங்கன்னு சொல்லு.”

ஷாமிலா மறுபடியும் பீலிக்குப் போனாள். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு பேசினாள், அது தெரிந்தது.

பிரதாப் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறினான். கதவு அறையும் சத்தம் கேட்டது. கிருஷாந்தி வேலியோரம் ஓடிப் போய் எட்டிப் பார்த்தாள்.

“ஹட்டனுக்குத்தான் போறாரா?” என்று கேட்டாள் காளியாயி.

“பாலத்துக்கிட்ட நிக்குது... திரும்புது...” கிருஷாந்தி கையைக் கண்ணுக்கு மேல் வைத்தாள். “இல்லக்கா. ஹட்டன் பக்கம் போவல. நல்லதண்ணிப் பக்கம் திரும்பிருச்சு.”

“அங்க என்ன இருக்கு அந்தாளுக்கு?”

யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கமும் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கேயும் லயங்கள் இருக்கின்றன. நெற்றியும் மூக்கும் உள்ள பெண்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ரைக்கைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள். றொக்சன் தலையைத் தூக்கினான். அவனுக்கு ஏதோ தெரியும்போல இருந்தது. வாயைத் திறந்தான், தங்கையைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

மழை வந்தது. முதலில் மலை மறைந்தது, பிறகு பீலி மறைந்தது. பெண்கள் படங்கையும் முந்தானையையும் தலையில் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. துளிகள் சிசிலியின் முகத்தில் விழுந்தன. குங்குமம் கரைந்து காதுப் பக்கமாக ஓடியது. அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் யாராவது இதுதான் சமயம் என்று தூக்கிவிடுவார்கள் என்பது மட்டும் நினைவில் இருந்தது.

திடீரென்று முகத்தில் துளி விழுவது நின்றது. மேலே தேக்குப் பலகை.

றொக்சன் மூடியின் ஒரு முனையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் நின்றான். மறு முனையைத் தூக்க இன்னொருவர் வேண்டும். அது பெட்டியின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது. பலகையில் விழுந்த மழையெல்லாம் அந்தப் பக்கமாக வழிந்து அவள் கால்களின் மேல் கொட்டியது.

“ஷாமிலா,” என்றான். “அந்தப் பக்கம் கொஞ்சம் புடி.”

ஷாமிலா கையில் தொலைபேசியோடு, நனைந்தபடி, நான்கு அடி தள்ளி நின்றாள். அண்ணனைப் பார்த்தாள். தாழ்ந்து கிடந்த மறு முனையைப் பார்த்தாள்.

சிசிலிக்குக் கால்கள் குளிர்ந்தன. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஒன்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, குளிர்கிறது என்று. அதைச் சொன்னால் மகள் ஓடி வந்து பிடிப்பாள்.

அவள் சொல்லவில்லை. மகள் தானாக வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு கிடந்தாள்.